பிடிபட்டால் யார் பொறுப்பேற்பார்? கூலிப்படை பற்றி ஒரு தம்பியின் மூன்று கேள்விகள்

சிங்கப்பூரின் டோபி காட் பகுதியில், மெக்டோனல்ட் ஹவுசுக்கு எதிரே இருக்கும் நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். 1965-ல் அந்தக் கட்டடத்தில் குண்டு வைத்த இருவரும் கூலிப்படையினரா? நம் ஊர் கூர்க்கா போலீசாரும் இன்னொரு நாட்டிலிருந்து வந்து சம்பளத்துக்குத் துப்பாக்கி ஏந்துகிறவர்கள்தானே, அவர்களை என்னவென்று சொல்வது? மூன்றாவது கேள்விதான் அவசரமானது. தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருக்கும் அவருடைய நண்பர் ஒருவரிடம் ஓர் ஏஜென்ட், வேலை பெர்மிட் முடிந்ததும் ரஷ்யாவில் 'செக்யூரிட்டி உதவியாளர்' வேலை இருக்கிறது, கைநிறையச் சம்பளம் என்கிறாராம். போனால் அவர் கூலிப்படை ஆகிவிடுவாரா?

குண்டு வைத்த இருவரும் கூலிப்படையினர் இல்லை. கூர்க்காக்களும் இல்லை. நண்பரும் அநேகமாகச் சட்டப்படி கூலிப்படை ஆகமாட்டார். ஆனால் அந்தக் கடைசி 'இல்லை'யை நம்பி நிம்மதியாக விமானம் ஏற முடியாது. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

பேச்சு வழக்கில் காசுக்கு அடிக்கப் போகிற எவரும் கூலிப்படைதான். தமிழ்நாட்டில் கொலை வழக்குச் செய்திகளில்கூட அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். சர்வதேசச் சட்டத்தில் அதன் பொருள் மிகக் குறுகியது. போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-ல் சேர்ந்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 47-ஆம் பிரிவு ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. குறிப்பிட்ட ஒரு போரில் சண்டையிடவென்றே ஆளை எடுத்திருக்க வேண்டும். அவர் நேரடியாகச் சண்டையில் இறங்கியிருக்க வேண்டும். சொந்த ஆதாயமே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும். அதுவும், அமர்த்திய தரப்பின் சொந்தப் படையில் அதே வேலை செய்யும் சிப்பாய் வாங்குவதைவிடக் கணிசமாக அதிகம் தருவதாகப் பேச்சு இருந்திருக்க வேண்டும். போரிடும் நாடுகளின் குடிமகனாகவோ, அவற்றின் பிடியில் உள்ள பகுதியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. போரிடும் தரப்பின் படையில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வேறொரு நாடு தன் படைவீரராக அதிகாரபூர்வமாக அனுப்பியவராகவும் இருக்கக் கூடாது. இந்த ஆறும் ஒரே ஆளிடம் ஒருசேர இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் ஒட்டாது.

ஐந்தாவது நிபந்தனையைக் கவனியுங்கள். படைப் பட்டியலில் பெயரை ஏற்றி, சீருடை கொடுத்துவிட்டால் அந்த ஆள் எந்த நாட்டவராக இருந்தாலும் கூலிப்படை இல்லை. பிரெஞ்சு வெளிநாட்டவர் படை இப்படித்தான் தப்புகிறது. நம் கூர்க்கா பிரிவும் அப்படியே. 1949 ஏப்ரல் 9-ல் தொடங்கிய அந்தப் பிரிவு சிங்கப்பூர்க் காவல்துறையின் ஓர் அங்கம். எந்தப் போருக்காகவும் எடுத்த ஆட்கள் அல்லர். கட்டளை, சீருடை, ஓய்வூதியம் எல்லாம் சட்டப்படி வருபவை. 2018-ல் டிரம்பும் கிம்மும் இங்கே சந்தித்தபோது காவல் நின்ற இவர்களைக் கூலிப்படை என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. அவர்களுக்கு ஏதாவது நடந்தால் 'எங்கள் ஆள்' என்று சொல்ல ஓர் அரசு இருக்கிறது.

அந்தப் பெயருக்காக ஏன் இத்தனை நுணுக்கம்? போர்க்கைதி உரிமைதான் காரணம். ஒரு படைவீரர் எதிரிச் சிப்பாயைச் சுட்டுவிட்டுப் பிடிபட்டால், சுட்டதற்காக அவர் மேல் கொலை வழக்குப் போட முடியாது. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றைத் தவிர வேறெதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. போர் ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கூலிப்படையினருக்கு இந்த உரிமை கிடையாது. அவர் சுட்டது வெறும் கொலை. உள்ளூர்க் குற்றவியல் சட்டம் முழு எடையோடு அவர் மேல் இறங்கும். நியாயமான விசாரணை, சித்திரவதை செய்யாமை போன்ற அடிப்படைப் பாதுகாப்புகள் மட்டும் எல்லோரையும் போல அவருக்கும் மிஞ்சும்.

இப்போது மெக்டோனல்ட் ஹவுஸ். 1965 மார்ச் 10 பிற்பகல், மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய 'கொன்ஃப்ரன்டாசி' மோதல் காலம். குண்டில் 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். வைத்தவர்கள் உஸ்மான், ஹாருண் என்ற இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள். மூன்று நாள் கழித்துக் கடலில் ஒரு பலகையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தவர்களை ஒரு படகோட்டி தூக்கியெடுத்தார். உடலில் சாதாரண உடை. வழக்கு அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அவர்கள் இந்தோனேசியப் படையினராகவே இருந்தாலும், சீருடை இல்லாமல் வந்து, பொதுமக்கள் புழங்கும், இராணுவத்தோடு சம்பந்தமில்லாத கட்டடத்தில் குண்டு வைத்தவர்களுக்குப் போர்க்கைதி உரிமை கிடையாது என்பது 1968-ல் வந்த தீர்ப்பு. அதே ஆண்டு அக்டோபர் 17-ல் சாங்கியில் தூக்கு. ஜகார்த்தா அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தது. 1973-ல் லீ குவான் யூ அங்கே போனபோது அவர்களின் கல்லறைகளில் மலர் தூவியது இரு நாட்டு உறவைச் சரிசெய்த நிகழ்வாக இன்றும் பேசப்படுகிறது.

அவர்கள் செய்தது பாதகம். அந்தக் கட்டடத்துக்கு வேலையாக வந்தவர்களைக் கொன்றது. ஆனாலும் அவர்களைச் சொந்தம் கொண்டாட ஒரு நாடு இருந்தது. உடையை மாற்றியதால் சட்டப் பாதுகாப்பை இழந்தார்கள். ஆளை மறுதலிக்க யாரும் முயலவில்லை. மறைமுகப் போருக்கு வாடகைக்கு எடுக்கப்படுகிறவரைச் சொந்தம் கொண்டாட ஒரு நாடும் இருக்காது. ஓர் அரசு தன் சிப்பாயை விட்டுவிட்டு வெளியாளுக்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்கிறது? பிடிபட்டால் 'எங்களுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடிய வேண்டும், அதற்காகத்தான். சம்பளத்தின் பெரும்பங்கு அந்த ஒரு வாக்கியத்துக்கான விலை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

கெரில்லாப் போரில் காடு தெரிந்தவர், மொழி தெரிந்தவர், ஊரில் சோறு வாங்கத் தெரிந்தவர் உள்ளூர் ஆள்தான். வெளியாள் அங்கே காலாட்படையாகப் பெரிதாக உதவமாட்டார். உள்ளூர்ப் போராளியிடம் இல்லாதவை விமானம், வானொலித் தொடர்பு, ஆயுதம் பழுதுபார்க்கும் கை, வெடிமருந்துப் பயிற்சி. அதனால் இரகசியப் போர்களில் வாடகைக்கு வந்தவர்களில் முக்கியமானவர்கள் விமானிகள், பயிற்சியாளர்கள், மெக்கானிக்குகள், சரக்குத் தள்ளுபவர்கள்.

லாவோஸ் நல்ல உதாரணம். அந்நாட்டின் நடுநிலை பற்றிய 1962 ஜெனீவா ஒப்பந்தம் வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்றது. அமெரிக்கச் சீருடை அங்கே இருக்கக் கூடாது. எனவே சி.ஐ.ஏ. தனக்குச் சொந்தமான ஏர் அமெரிக்கா என்ற 'தனியார்' விமான நிறுவனத்தின் விமானிகளை வைத்து, வாங் பாவோ தலைமையிலான மோங் மலைவாழ் போராளிகளுக்குச் சரக்குப் போட்டது. ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டதால் மலையில் விதைக்க ஆளில்லை. முதல் சரக்கு அரிசிதான். பாராசூட் இல்லாமல் போட்டால் சாக்கு வெடித்து அரிசி சிதறும். ஒரு சாக்குக்குள் அரிசியைக் கட்டி, அதைவிடப் பெரிய சாக்குக்குள் தளர்வாக வைத்துத் தைத்தார்கள். தரையில் மோதும்போது உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு அரிசியைத் தாங்கும். அதே விமானம் மறுநாள் தோட்டாப் பெட்டிகளைக் கொண்டுபோகும். விமானிகளின் பேச்சில் அதற்குப் பெயர் 'கெட்டி அரிசி'.

எங்கே பிசகும் என்றால், பெரும்பாலும் தாளில் பிசகும். இரண்டு விமானங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1958-ல் இந்தோனேசிய அதிபர் சுகர்னோவுக்கு எதிராகச் சுலவேசியில் பெர்மெஸ்டா கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரர்களுக்குத் திடீரென்று பி-26 குண்டுவீச்சு விமானங்கள் முளைத்தன. ஏப்ரல் 30-ல் அதிபர் ஐசனோவர், அமெரிக்கா நடுநிலை வகிக்கிறது, எந்தக் கிளர்ச்சியிலும் தானாகப் போய்ச் சேரும் வாடகைப் போராளிகள் இருப்பது வழக்கம்தான் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். மே 18-ல் அம்போன் அருகே ஒரு பி-26 வீழ்ந்தது. குதித்துப் பிடிபட்டவர் ஆலன் போப். அடையாளம் எதுவும் இல்லாமல் பறக்க வேண்டிய அவரிடம் பறப்புப் பதிவுகளும், பணி ஆணையும், பிலிப்பைன்சின் கிளார்க் அமெரிக்க விமானத் தளத்து மன்ற உறுப்பினர் அட்டையும் இருந்தன. ஐசனோவர் சொன்னது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. கிளர்ச்சிக்கான அமெரிக்க ஆதரவு மளமளவென்று விலகியது. போப்புக்கு 1960-ல் மரண தண்டனை; 1962-ல் விடுதலை.

ஒரு விமானி அந்தத் தாள்களை ஏன் வைத்திருக்க வேண்டும்? கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அடையாளமே இல்லாத ஆளைப் பிடித்த இடத்திலேயே சுட்டுவிடலாம், கேட்க நாதியில்லை. தான் ஒரு நாட்டின் ஆள் என்று காட்டும் தாள் இருந்தால் உயிரோடு வைத்துப் பேரம் பேசுவார்கள். அனுப்பியவருக்குத் தேவை தாள் இல்லாத ஆள். போனவருக்குத் தேவை தாள். இந்த முரண்பாட்டை எந்த ஏற்பாட்டாலும் தீர்க்க முடியாது.

இரண்டாவது விமானம் நிகராகுவாவில். அங்கே சான்டினிஸ்டா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கெரில்லாக்களுக்கு இராணுவ உதவி தரக் கூடாது என்று அமெரிக்க காங்கிரஸ் 1984-ல் கைகளைக் கட்டியது. வெள்ளை மாளிகையில் இருந்த ஒரு சிலர் தனியார் வலையமைப்பு ஒன்றின் மூலம் தொடர்ந்தார்கள். 1986 அக்டோபர் 5-ல் எல் சால்வடாரின் இலோபாங்கோ தளத்திலிருந்து போன ஒரு சி-123 சரக்கு விமானத்தை, தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் ஓர் இளம் சான்டினிஸ்டா வீரர் வீழ்த்தினார். சரக்குப் போடும் விமானம் தாழ்வாக, மெதுவாகப் பறந்தே ஆக வேண்டும். அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போனால் கீழே ஒருவர் காத்திருப்பார். விமானத்தில் துப்பாக்கிகள், 50,000 தோட்டாக்கள், 150 ஜோடிக் காட்டு பூட்சுகள். நால்வரில் மூவர் இறந்தார்கள். சரக்கைக் கதவு வழியே உதைத்துத் தள்ளும் வேலையில் இருந்த யூஜின் ஹாசன்ஃபஸ் மட்டும் பாராசூட் அணிந்திருந்ததால் பிழைத்தார். மாதம் 3,000 டாலர் சம்பளம். அவரிடம் இலோபாங்கோ தளம் கொடுத்த அடையாள அட்டை. சிதைவுகளில் விமானியின் பறப்புப் பதிவுகள். இரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தைக் கான்ட்ராக்களுக்குத் திருப்பிய இரான்–கான்ட்ரா ஊழல் வெடித்ததில் இந்த விமானத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. வாஷிங்டன் முதலில் அவருக்கும் அரசுக்கும் தொடர்பே இல்லை என்றது. 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்த நிகராகுவா அரசுதான் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மன்னித்து விட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு தன்னை அனுப்பியவர்கள் மேல் சம்பள பாக்கிக்கும் செலவுக்கும் வழக்குப் போட்டு அதிலும் தோற்றார். எதிரி விடுவித்தான், முதலாளி கைகழுவினார்.

காலாட்படையாகப் போனவர்கள் கதி இன்னும் மோசம். 1976 தொடக்கத்தில் அங்கோலா உள்நாட்டுப் போரில் தோற்றுக்கொண்டிருந்த எஃப்.என்.எல்.ஏ. இயக்கத்துக்காக இங்கிலாந்தில் வாரம் 150 பவுண்டுக்கு ஆள் சேர்த்தார்கள். முன்னாள் சிப்பாய்களோடு போர்ப் பயிற்சியே இல்லாதவர்களையும் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே 'கர்னல் காலன்' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர் தலைமை. சண்டையிட மறுத்த 14 பேரை மாக்கேலா என்ற இடத்தில் அவர்களுடைய சொந்தத் தரப்பே சுட்டுக் கொன்றது. படை என்றால் இராணுவ நீதிமன்றம், மேலதிகாரி, முறையீடு எல்லாம் இருக்கும். கூலிக்குச் சேர்ந்த கூட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் சொல்வதே சட்டம். பிடிபட்ட 13 பேரைத் தலைநகர் லுவாண்டாவில் விசாரித்து, ஜூலை 10-ல் நால்வரைச் சுட்டார்கள். அவர்களில் டேனியல் கியர்ஹார்ட் என்ற அமெரிக்கர் அங்கோலாவில் சில நாட்கள்தான் இருந்தார். வேலை கேட்டு ஒரு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்ததே அவருக்கு எதிரான சான்றானது. கூலிப்படைக்கு ஆள் சேர்ப்பது பற்றி ஆராயப் பிரிட்டன் அமைத்த டிப்லாக் குழு அதே ஆண்டு, ஒருவருடைய உள்நோக்கத்தை வைத்துக் கூலிப்படையை வரையறுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது. மறு ஆண்டு வந்த 47-ஆம் பிரிவு நோக்கத்தையே மையமாக வைத்தது. அன்றிலிருந்து அதை வைத்து ஒருவரைத் தண்டிப்பது குதிரைக்கொம்பு.

நம்மவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு, பேசத் தயங்குகிறோம். 1988 நவம்பர் 3 விடியற்காலை, மாலத்தீவு அதிபர் கயூமைக் கவிழ்க்க அப்துல்லா லுத்ஃபி என்ற மாலத்தீவுக்காரர் அமர்த்தியது ஈழத்து 'புளொட்' இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேரை. மாலேயில் முக்கிய இடங்களைப் பிடித்தார்கள், ஆனால் அதிபர் கையில் சிக்கவில்லை. பக்கத்துத் தீவான ஹுலுலேயில் இருக்கும் விமான நிலையத்தையும் தக்கவைக்கவில்லை. ஒரு தீவு நாட்டில் அந்த ஓடுபாதை ஒன்றுதான் வாசல். அன்றிரவே ஆக்ராவிலிருந்து வந்த இந்தியப் பாராசூட் படை அதில் இறங்கியது. பணயக்கைதிகளோடு 'புரோகிரஸ் லைட்' என்ற கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை மடக்கியது. இறந்தவர்கள் 19 பேர் என்பது பதிவு. ஒரு விடுதலை இயக்கத்தில் சேர்ந்த இளைஞர்களை இன்னொருவருடைய ஆட்சிக்கவிழ்ப்புக்கு வாடகைக்கு விட்ட அந்தத் தலைமையை மன்னிப்பது எனக்குக் கடினம்.

சட்டத்துக்கு அங்கே ஒரு சிக்கல் இருந்தது. மாலத்தீவில் போர் எதுவும் நடக்கவில்லை. 47-ஆம் பிரிவோ போருக்கு மட்டும் பொருந்தும். மறு ஆண்டு, 1989 டிசம்பர் 4-ல், ஐ.நா. ஏற்றுக்கொண்ட கூலிப்படை எதிர்ப்பு உடன்படிக்கை, அரசைக் கவிழ்க்க நடத்தும் திட்டமிட்ட வன்முறைக்கு ஆள் எடுப்பதையும் சேர்த்துக்கொண்டது. நடைமுறைக்கு வரவே 2001 ஆகிவிட்டது. இன்றும் நாற்பதுக்கும் குறைவான நாடுகள்தான் சேர்ந்திருக்கின்றன. பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்றுகூட இல்லை. யாருக்கு இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்களோ அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

ஈழப் போரில் இலங்கை அரசின் பக்கத்திலும் கூலிக்கு வந்தவர்கள் இருந்தார்கள். 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி தந்தது கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம். அதன் விமானிகள் அங்கே ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். லண்டன் அதைத் தனியார் நிறுவனத்தின் வணிகமாகவே காட்டிக்கொண்டது. லண்டன் காவல்துறை போர்க்குற்ற விசாரணை தொடங்கியது தெரியவந்தது 2020-ல். கிழக்கில் பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் அதற்குள் இறந்தே போயிருப்பார்கள்.

இனி டார்மிட்டரி நண்பர். ரஷ்யாவில் 'உதவியாளர்', 'காவலாளி' வேலை என்று போய் உக்ரைன் போர்முனையில் நின்ற இந்தியர்களின் கணக்கை இந்திய வெளியுறவு அமைச்சு 2025 ஜனவரியில் சொன்னது: தெரியவந்த 126 பேரில் 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை. ஆள் அனுப்பிய வலையமைப்புகள் மேல் சி.பி.ஐ. 2024 மார்ச்சில் வழக்குப் பதிந்தது. இலங்கையிலிருந்து முன்னாள் சிப்பாய்கள் போய் மாண்டிருக்கிறார்கள். நேபாளம் தன் மக்கள் அங்கே வேலைக்குப் போகும் அனுமதியையே நிறுத்தியது.

நண்பர் கையெழுத்திடும் தாள் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சின் ஒப்பந்தமாக இருந்தால், ஐந்தாவது நிபந்தனைப்படி அவர் படை உறுப்பினர், கூலிப்படை இல்லை. பிடிபட்டால் போர்க்கைதி உரிமை உண்டு. ஆனால் 2022 செப்டம்பரில் வந்த அணிதிரட்டல் ஆணைக்குப் பிறகு அந்த ஒப்பந்தம் 'ஒரு வருடம்' என்று எழுதியிருந்தாலும் ஒரு வருடத்தில் முடியாது. அணிதிரட்டல் முடியும்வரை நீளும். வேலையை விட்டால் படையை விட்டு ஓடிய குற்றம். அமைச்சின் தாள் இல்லாமல் ஏதோ ஒரு தனியார் கம்பெனியின் தாளாக இருந்தால் அந்தக் காப்பும் இல்லை. உரிமை தாளில் இருந்தாலும் பிடிப்பவர் மதிக்க வேண்டுமே. 2022 ஜூனில் உக்ரைன் கடற்படைப் பிரிவில் முறையாகச் சேர்ந்திருந்த இரு பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஒரு மொரோக்கோ இளைஞருக்கும் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் டொனெட்ஸ்க் நீதிமன்றம் 'கூலிப்படை' என்று பெயர் சூட்டி மரண தண்டனை விதித்தது. செப்டம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் அவர்கள் தப்பியது, பின்னால் நின்று கேட்க அரசுகள் இருந்ததால்.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதை விளையாட்டாக எடுப்பதில்லை. சிங்கப்பூரோடு சமாதானமாக இருக்கும் நாட்டின் மேல் போர் தொடுப்பது தண்டனைச் சட்டம் 125-ஆம் பிரிவின்கீழ் குற்றம். யார் பக்கம் என்பது இங்கே பொருட்டில்லை: ஐ.எஸ்.ஸை எதிர்த்துச் சிரியாவில் குர்துகளோடு சேர முயன்ற ஒரு சிங்கப்பூரர் மேல் 2016-ல் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள்.

நண்பரிடம் இன்றைக்கே கேட்க வேண்டியவை சில. விசா எந்த வகை? சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் 'அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் அதோடு பேச்சை நிறுத்தலாம். ஒப்பந்தம் எந்த மொழியில்? ரஷ்ய மொழித் தாளில் விமான நிலையத்தில் கையெழுத்து கேட்பதுதான் பலரும் மாட்டிய இடம். முதலாளி பெயராக அமைச்சோ, படைப் பிரிவின் எண்ணோ இருக்கிறதா? காவலாளி வேலைக்கு இராணுவ மருத்துவப் பரிசோதனை எதற்கு? சேர்ந்ததும் பெருந்தொகை போனஸ், இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு, சில மாதத்தில் குடியுரிமை என்று ஏஜென்ட் பேசினால் அது காவலாளி வேலைக்கான பேச்சே இல்லை. ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்களுக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையப் பதிவில் இருக்கிறாரா என்று பெயரையும் பதிவு எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். கிரேஞ்ச் ரோட்டில் இந்தியத் தூதரகத்தில் நேரில் விசாரிக்கலாம். முன்பணம் கொடுத்துவிட்டார் என்றால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அந்த ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்று மாலையே இருவருமாகப் போய் வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் போலீசில் புகார் கொடுங்கள்.